4 ஸ்பேட், கிளப் ராணி யார் கையில்? மறைந்த கைகளை எண்ணுவது பற்றி

புதுக்கை
பிரிட்ஜ் டூப்ளிகேட் செஷன் (ஒரே சீட்டுகளை எல்லா டேபிளிலும் ஆடும் போட்டி) ஒன்றில் வந்த கை இது. பாதி டேபிள்களில் 4 ஸ்பேட் (ஸ்பேட் துருப்பாக, 13 ட்ரிக்கில், அதாவது சுற்றில், 10 எடுப்பதாகச் சொல்வது) ஆனது, பாதியில் ஒரு ட்ரிக் குறைந்தது. ஆனவர்களைக் கேட்டால் "எண்ணினேன்" என்கிறார்கள், ஆகாதவர்கள் "ஐம்பதுக்கு ஐம்பது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போயிருக்கலாம்" என்கிறார்கள். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. யாராவது ஒவ்வொரு ட்ரிக்காகச் சொல்லுங்கள்.

வடக்கு (டம்மி, மேசையில் விரித்த கை)
ஸ்பேட்: ராஜா 9 6 3
ஹார்ட்: 9 6 2
டைமண்ட்: ஏஸ் 7 5
கிளப்: ராஜா ஜாக் 4

தெற்கு (டிக்ளேரர், இரண்டு கையையும் ஆடுபவர்)
ஸ்பேட்: ஏஸ் ராணி ஜாக் 10 5
ஹார்ட்: ஜாக் 8 4
டைமண்ட்: ராஜா 6
கிளப்: ஏஸ் 10 7

பிட்டிங் (ஏலம்): தெற்கு 1 ஸ்பேட், மேற்கு 2 ஹார்ட், வடக்கு 3 ஹார்ட் (ஸ்பேட் சேர்கிறது, கை நன்றாக இருக்கிறது என்று பொருள்), கிழக்கு பாஸ், தெற்கு 4 ஸ்பேட், எல்லோரும் பாஸ். மேற்கு-கிழக்கு வல்னரபிள் (தோற்றால் அபராதம் அதிகம்).

மேற்கு ஹார்ட் ஏஸ், ராஜா, ராணி மூன்றையும் அடித்தார். கிழக்கு இரண்டு தடவை ஹார்ட் போட்டார், மூன்றாவதற்கு டைமண்ட் 2 கழித்தார். நாலாவது ட்ரிக்குக்கு மேற்கு ஸ்பேட் 2 ஆடினார். இனி ஒன்றுகூட விட முடியாது. 5 ஸ்பேட், 2 டைமண்ட், கிளப்பில் ஏஸ், ராஜா என்று 9 எண்ணிவிட்டேன். பத்தாவது கிளப் ராணியைப் பிடித்தால்தான்.

மேற்குமூலை
நான் இதைப் பாயிண்ட் (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1) வைத்துப் பார்ப்பேன். டம்மியில் 11, தெற்கில் 15, சேர்த்து 26. எதிராளிகளுக்கு 14. மேற்கு ஹார்ட்டிலேயே 9 காட்டிவிட்டார். பாக்கி இருப்பது டைமண்ட் ராணி, டைமண்ட் ஜாக், கிளப் ராணி, ஆக 5 பாயிண்ட். வல்னரபிளாக இருந்துகொண்டு இரண்டு லெவலில் ஓவர்கால் செய்தவர் (எதிராளி பிட்டுக்கு மேல் 2 ஹார்ட் சொன்னவர்) வெறும் 9 பாயிண்ட்டில் வந்திருக்க மாட்டார். கிழக்கு வாயே திறக்கவில்லை. அதனால் கிளப் ராணி மேற்கில். ஏஸ் அடித்துவிட்டு, ஜாக்கை நோக்கி ஃபினெஸ் (மேற்கு சின்னது போட்டால் ராஜாவை விட்டு ஜாக்கைப் போடுவது). இதில் யோசிக்க அதிகம் இல்லை என்றே நினைக்கிறேன்.

பதின்மூன்று
மேற்குமூலை சார் சொன்னது நல்ல தொடக்கம், ஆனால் நாலாவது ட்ரிக்கிலேயே முடிவு எடுத்துவிட்டார். இந்தக் கையில் கிளப்பைத் தொடுவதற்கு முன்னால் ஆறு ட்ரிக் நம் கையில் இருக்கிறது, அந்த ஆறும் எதிராளிகள் நமக்குச் சொல்லப்போகும் செய்தி. கேள்வி எந்தச் சூட்டில் (சீட்டு இனத்தில்) இருக்கிறதோ அந்தச் சூட்டைக் கடைசி வரை தொடக் கூடாது.

நாலாவது ட்ரிக்: ஸ்பேட் 10இல் எடுக்கிறோம், கிழக்கு 4. ஐந்தாவது: ஸ்பேட் ஏஸ், மேற்கிடம் ஸ்பேட் இல்லை, ஹார்ட் 5 கழிக்கிறார். ஆறாவது: ஸ்பேட் ராணி, மேற்கு ஹார்ட் 10 கழிக்கிறார், கிழக்கின் மூன்றாவது ஸ்பேட் விழுகிறது. டம்மியில் ஸ்பேட் ராஜா பத்திரமாக இருக்கிறது. இப்போதே நிறைய தெரியும். நம்மிடம் இல்லாத ஸ்பேட் நாலு, மேற்குக்கு 1, கிழக்குக்கு 3. நம்மிடம் இல்லாத ஹார்ட் ஏழு, மேற்குக்கு 5, கிழக்குக்கு 2. மேற்கின் 13இல் 6 சீட்டு அடையாளம் தெரிந்துவிட்டது, பாக்கி ஏழும் டைமண்டும் கிளப்பும்.

ஆகவே இனி கிளப்பை அறிய டைமண்டை எண்ண வேண்டும். டைமண்ட் ராஜா: மேற்கு 3, கிழக்கு 10. டைமண்ட் ஏஸ்: மேற்கு 4, கிழக்கு ஜாக். டம்மியிலிருந்து மூன்றாவது டைமண்டை ஆடி ஸ்பேட் ஜாக்கால் வெட்டுகிறோம். இந்த வெட்டு ஒரு ட்ரிக்கும் கூடுதலாகத் தராது, அந்தத் துருப்பு எப்படியும் நமக்கு ஒரு ட்ரிக்தான். ஆனாலும் இந்தக் கையின் உயிர் இந்த ஒரு ஆட்டத்தில்தான் இருக்கிறது, ஏனென்றால் இங்கேதான் கிழக்கு டைமண்ட் இல்லாமல் கிளப் 2 கழிக்கிறார், மேற்கு 8 போடுகிறார்.

கிழக்கு முதலில் கழித்த டைமண்ட் 2ஐ மறக்காமல் சேர்த்துக்கொண்டால் அவருக்கு டைமண்ட் மூன்று. நம்மிடம் இல்லாதது எட்டு. அப்படியானால் மேற்குக்கு ஐந்து, அதில் இன்னும் வராத ராணியும் 9ம் அவரிடமே. இனிமேல் கணக்கு நேர்கோடு:

மேற்கு: 1 ஸ்பேட், 5 ஹார்ட், 5 டைமண்ட், 2 கிளப்.
கிழக்கு: 3 ஸ்பேட், 2 ஹார்ட், 3 டைமண்ட், 5 கிளப்.

இதில் ஊகம் ஒன்றும் கிடையாது. நம்மிடம் இல்லாத ஏழு கிளப்பில் இரண்டு மேற்கில், ஐந்து கிழக்கில். ராணி அந்த ஏழில் ஒன்று. வேறு தகவல் இல்லாவிட்டால் கிழக்கில் இருக்க ஏழுக்கு ஐந்து வாய்ப்பு, ஏறக்குறைய 71 சதவீதம். கிளப் 7ஐ ராஜாவுக்கு ஆடி, டம்மியிலிருந்து ஜாக்கை ஆடுங்கள், கிழக்கு சின்னது போட்டால் ஏஸைப் போடாமல் ஓட விடுங்கள்.

புதுக்கை
படிக்கும்போது எளிதாக இருக்கிறது சார். டேபிளில் உட்கார்ந்தால் 26 சீட்டையும் எப்படி நினைவில் வைப்பது? மூன்றாவது ட்ரிக்கில் கழித்த அந்த டைமண்ட் 2 ஒன்பதாவது ட்ரிக்கில் எனக்கு ஞாபகம் இருக்காது. அப்புறம் இன்னொன்று, கிளப் ராஜா அடித்து மேற்கு ஒரு சின்ன கிளப் போட்டபிறகு அவரிடம் ஒரு கிளப்தான் பாக்கி. அப்போது விகிதம் மாறிவிடாதா?

மூன்றுநூற்றுநாலு
நினைவைப் பற்றி நான் சொல்லுறேன் தம்பி. யாழ்ப்பாணத்தில் 304 என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவன் நான், பிரிட்ஜுக்குப் பிறகுதான் வந்தேன். 304இல் ஒரு சூட்டுக்கு எட்டுச் சீட்டுத்தான், ஜாக்தான் பெரியது, அடுத்தது 9. துருப்பில் எத்தனை இறங்கியது, ஜாக் வந்ததா, 9 வந்ததா என்று தெரியாமல் எங்கட ஊரில் ஒருவரும் உங்களோடு ஜோடி சேர மாட்டினம். பிரிட்ஜுக்கு வந்தபோது எல்லாரும் 13 வரை எண்ணச் சொன்னார்கள். நான் அப்படி எண்ணுவதில்லை.

என்னிடமும் டம்மியிடமும் இல்லாத எண்ணை மட்டும்தான் எண்ணுவேன். டம்மி விரித்தவுடன் ஒரு தடவை சொல்லிக்கொள்ள வேணும்: ஸ்பேட் 4, ஹார்ட் 7, டைமண்ட் 8, கிளப் 7. கூட்டினால் 26 வரவேணும், வராவிட்டால் எங்கேயோ பிழை. பிறகு ஒவ்வொரு சூட்டிலும் யாரோ ஒருவர் இல்லை என்று காட்டும் அந்த நிமிடத்தில் மட்டும் கணக்கை முடித்துவிட வேணும். மூன்றாவது ஹார்ட்டுக்குக் கிழக்கு டைமண்ட் போட்டாரா? உடனே "ஹார்ட் 5-2, கிழக்குக்கு ஒரு டைமண்ட் போச்சு" என்று மனதுக்குள் ஒரு வசனம். அதை அப்போதே சொல்லாமல் ஒன்பதாவது ட்ரிக்கில் தேடினால் கிடைக்காது. அந்த 2 என்ற எண் முக்கியமே இல்லை, ஒரு டைமண்ட் போனது என்பதுதான் முக்கியம்.

இரண்டாவது, இரண்டு எதிராளிகளையும் எண்ண வேண்டாம். ஒருவரை மட்டும் எண்ணுங்கள், மற்றவர் தானாக வந்துவிடுவார். ஓவர்கால் செய்தவரை எண்ணுவது சுகம், ஒரு நீண்ட சூட் ஏற்கெனவே தெரியும்.

மூன்றாவது, 13ஐ நாலாகப் பிரிக்கும் வடிவங்கள் வாயில் வரவேணும். 4-4-3-2 தான் மிக அதிகம், 100க்கு 21 அல்லது 22 கை. அடுத்தது 5-3-3-2, பிறகு 5-4-3-1, 5-4-2-2, 4-3-3-3. இந்த ஐந்தும் பழகிவிட்டால் 5, 1 என்று கேட்டவுடன் மிச்சம் 4-3ஆ 5-2ஆ என்ற கேள்வி மட்டும்தான் பாக்கி. கூட்டல் செய்யவே வேண்டாம், வடிவம் கண்ணில் தெரியும்.

பதின்மூன்று
அண்ணா சொன்ன "உடனே ஒரு வசனம்" என்பதை அப்படியே வழிமொழிகிறேன். பலர் நினைவாற்றல் இல்லை என்று இந்த ஆட்டத்தை விட்டுப் போகிறார்கள், அது வருத்தமான விஷயம், ஏனென்றால் தேவைப்படுவது கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கும் பழக்கம் மட்டுமே.

விகிதம் பற்றிய கேள்விக்கு: மாறாது. மேற்கிடம் ராணியும் ஒரு சின்னதும் இருந்தால் ராஜாவுக்கு அவர் சின்னதைத்தான் போடுவார். இரண்டும் சின்னதாக இருந்தாலும் சின்னதைத்தான் போடுவார். இரண்டிலும் நடக்கப்போவது ஒன்றேதான் என்பதால், சின்னது விழுந்ததைப் பார்த்து நாம் புதிதாக எதுவும் தெரிந்துகொள்ளவில்லை. இரண்டுக்கு ஐந்து என்பது இரண்டுக்கு ஐந்தாகவே நிற்கும்.

மேற்குமூலை
எண்ணிக்கை சரி, மறுக்கவில்லை. ஆனால் பிட்டிங்கையும் தூக்கி எறிய முடியாதே. உங்கள் கணக்குப்படி மேற்கிடம் ஹார்ட் 9, டைமண்ட் ராணி 2, ஆக 11. கிளப் ராணி சேர்ந்தால் 13. வல்னரபிளில் இரண்டு லெவல் ஓவர்காலுக்கு 13 பொருத்தமா 11 பொருத்தமா? 71 சதவீதம் என்பது பிட்டிங்கே கேட்காதவனுக்கு உள்ள கணக்கு. நான் அதைக் கீழே இறக்குவேன்.

பதின்மூன்று
இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான், அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

எந்தத் தடயமானாலும் அதனிடம் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: சீட்டு மறுபக்கம் இருந்திருந்தால் இவர் வேறு மாதிரி செய்திருப்பாரா? செய்திருப்பார் என்றால் தடயத்துக்கு எடை உண்டு. அப்போதும் இதையேதான் செய்திருப்பார் என்றால் எடை கிடையாது, அது எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் சரி.

மேற்கின் கை இப்போது நமக்கு முகம் காட்டிவிட்டது. ஸ்பேட்டில் ஒன்று, ஹார்ட்டில் ஏஸ் ராஜா ராணி 10உடன் ஐந்து, டைமண்டில் ராணி 9 8உடன் ஐந்து, கிளப்பில் இரண்டு. இந்தக் கையில் கிளப் ராணி இல்லாவிட்டால் 1 ஸ்பேட்டுக்கு மேல் 2 ஹார்ட் சொல்லாமல் பாஸ் போடுகிறவர் எத்தனை பேர்? நான் ஆடும் டேபிள்களில் ஒருவரும் இல்லை. 5-5 கை, சூட்டின் தலையில் ஏஸ் ராஜா ராணி, எதிராளி சூட்டில் ஒற்றைச் சீட்டு. 11 பாயிண்டில் சொல்வார், 13இலும் சொல்வார். ஆகவே அந்த ஓவர்கால் கிளப் ராணியைப் பற்றி எதுவும் பேசவில்லை. நாலாவது ட்ரிக்கில், வடிவம் தெரியாதபோது, உங்கள் வாதம் நியாயமானது. ஒன்பதாவது ட்ரிக்கில் அந்த ஓவர்காலுக்கான காரணம் வேறு இடத்தில், அதாவது ஐந்து டைமண்டில், கிடைத்துவிட்டது. கிழக்கின் பாஸும் அப்படித்தான். 1 பாயிண்டோடும் பாஸ், 3 பாயிண்டோடும் பாஸ்.

இதே கேள்விதான் 'ரெஸ்ட்ரிக்டட் சாய்ஸ்' என்று சொல்வதற்கும் அடிப்படை. டம்மியில் ராஜா 9 6 3, கையில் ஏஸ் 10 7 5 4 என்று ஒரு சூட். வெளியே ராணி, ஜாக், இரண்டு சின்னது. ஏஸ் அடிக்கிறீர்கள், மேற்கு சின்னது, கிழக்கிடமிருந்து ராணி விழுகிறது. அடுத்து டம்மியை நோக்கி ஆடும்போது மேற்கு இன்னொரு சின்னது போடுகிறார். ராஜா போட்டு ஜாக் விழும் என்று நம்புவதா, 9ஐப் போட்டு ஃபினெஸ் எடுப்பதா? கிழக்கிடம் ராணி மட்டும் இருந்தால் அதைத்தான் போட்டாக வேண்டும். ராணி ஜாக் இரண்டும் இருந்தால் பாதி நேரம் ஜாக்கைப் போட்டிருப்பார். போட்டிருக்கக்கூடிய ஜாக்கைப் போடவில்லை என்பது அந்தக் கையின் வாய்ப்பைப் பாதியாக்குகிறது. அதனால் ஃபினெஸ் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. 1950களில் பிரிட்ஜ் எழுத்தாளர் ஆலன் ட்ரஸ்காட் இதை எழுத்தில் விளக்கினார். இன்றைக்கும் இதை ஏற்காமல் வாதாடுகிறவர்கள் ஒவ்வொரு பிரிட்ஜ் மன்றத்திலும் நாலு பேராவது உண்டு, ஆனால் கணக்கு அசையாது.

ஒரு சூட்டில் நம் இரண்டு கையும் சேர்த்து எட்டுச் சீட்டு இருந்தால் ராணிக்கு ஃபினெஸ், ஒன்பது இருந்தால் மேலிருந்து அடி என்று ஒரு விதியைச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒன்றுமே தெரியாதபோது அது சரி. ஆனால் ஒன்பது சீட்டில் அந்த இரண்டு வழிக்கும் இடையே உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. எதிராளி ஒருவரிடம் வேறொரு சூட் நீளம் என்று தெரிந்தவுடன் தராசு மறுபக்கம் சாய்ந்துவிடும். விதியை மனப்பாடம் செய்தவர் எண்ணுவதை நிறுத்திவிடுகிறார், அதுதான் அந்த விதியால் வரும் கேடு.

மூன்றுநூற்றுநாலு
ஒரு சின்ன விஷயம் சேர்க்கலாம். மூன்றாவது ஹார்ட்டுக்குக் கிழக்கு டைமண்ட் கழித்தார். அவரிடம் டைமண்ட் மூன்று, கிளப் ஐந்து. கிளப் ஐந்தும் உதவாத சீட்டாக இருந்தால் முதல் கழிப்பு அங்கேயிருந்து வருவதுதானே இயல்பு? மூன்று சீட்டுச் சூட்டில் கை வைத்து ஐந்து சீட்டுச் சூட்டைக் காப்பாற்றினால் அங்கே ஏதோ இருக்கு.

பதின்மூன்று
ஆமாம் அண்ணா, அதே கேள்வியைக் கேட்டால் இதற்குக் கொஞ்சம் எடை உண்டு. ராணி இல்லாத ஐந்து கிளப்பிலிருந்து கிளப் கழித்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் நன்றாக ஆடும் டிஃபெண்டர் நாம் இப்படி யோசிப்போம் என்று தெரிந்தே எதிர்மாறாகக் கழிப்பார், அதனால் இதைத் தனி ஆதாரமாக வைக்க மாட்டேன். எண்ணிக்கை ஏற்கெனவே கிழக்கைக் காட்டுகிறது, இதுவும் அதே பக்கம். போதும்.

எதிராளியின் தயக்கத்தை வைத்து முடிவெடுப்பது பற்றி யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். விதிப்படி எதிராளியின் வேகத்திலிருந்து நாம் ஏதாவது ஊகித்துக்கொள்ளலாம், ஆனால் அது நம் பொறுப்பில். நம் பார்ட்னரின் தயக்கத்தைப் பயன்படுத்தக் கூடாது. எதிராளிகளின் பிட்டுக்கு என்ன பொருள் என்று முறைப்படி கேட்க நமக்கு உரிமை உண்டு, அதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். அவர்கள் ஓவர்காலுக்குக் குறைந்தது எவ்வளவு வைத்திருப்பார்கள் என்பது நூறு தயக்கங்களைவிட உபயோகமானது.

மேற்குமூலை
ஓவர்கால் இரண்டு கையிலும் வந்திருக்கும் என்பதை ஏற்கிறேன். நான் அதை மேற்கின் வடிவம் தெரியாத இடத்திலிருந்து பார்த்தேன். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வென்றபோது எங்கள் வீட்டில் "சீட்டாட்டத்துக்கா தங்கம்" என்று கேட்டார்கள். இந்த மாதிரி ஒரு கையை அவர்களுக்கு விளக்கிக் காட்ட முடிந்தால் அந்தக் கேள்வி வராது.

புதுக்கை
நாலு கையும் ஹேண்ட் ரெக்கார்டில் இருக்கிறது, போடுகிறேன். மேற்கு: ஸ்பேட் 2, ஹார்ட் ஏஸ் ராஜா ராணி 10 5, டைமண்ட் ராணி 9 8 4 3, கிளப் 9 3. கிழக்கு: ஸ்பேட் 8 7 4, ஹார்ட் 7 3, டைமண்ட் ஜாக் 10 2, கிளப் ராணி 8 6 5 2. பதின்மூன்று சார் சொன்ன கை அப்படியே.

கடைசியாக ஒன்று. மூன்றாவது டைமண்டுக்குக் கிழக்கு கிளப் கழிக்காமல் டைமண்ட் போட்டிருந்தால்? அப்போதும் கிழக்குதானா?

பதின்மூன்று
இல்லை, அங்கே பதிலே மாறலாம். அப்படி நடந்தால் கிழக்கிடம் குறைந்தது நாலு டைமண்ட், ஒன்பது ட்ரிக் முடிந்தபின் வெளியே இருப்பது ஒரு டைமண்டும் ஏழு கிளப்பும், ஆளுக்கு நாலு சீட்டு. அந்த ஒற்றை டைமண்ட் யாரிடம் என்று தெரியாது, கிளப் 4-3ஆகவோ 3-4ஆகவோ இருக்கும். ராணிக்கு இரண்டு பக்கமும் சரிசமம். எண்ணிக்கை நம்மைக் கொண்டுவந்து விடும் இடம் அவ்வளவுதான்.

இப்போது மேற்குமூலை சாரின் ஓவர்கால் வாதத்தை எடுங்கள். டைமண்ட் ராணியும் ஜாக்கும் கிழக்கிடமிருந்து விழுந்திருந்தால் மேற்கின் கை 5-4-3-1, ஹார்ட்டுக்கு வெளியே கிளப் ராணியைத் தவிர வேறு படமே இருக்க முடியாது. அந்த ராணியும் இல்லாவிட்டால் மொத்தம் 9 பாயிண்ட். அப்படிப்பட்ட கையோடு வல்னரபிளில் இரண்டு லெவலுக்குப் போகப் பலர் தயங்குவார்கள், ராணி இருந்தால் தயங்குகிறவர்கள் குறைவு. 5-5 கையில் எடையே இல்லாத அதே ஓவர்கால் இங்கே தராசைச் சாய்க்கிறது. கிளப் ஏஸ் அடித்து ஜாக்கை நோக்கி ஆடுவேன், மேற்கு சின்னது போட்டால் ஜாக்.